இலையுதிர் காலத்தில் பூண்டு நடவு: பல் தேர்வு முதல் சேமிப்பு வரை

வீட்டுத் தோட்டத்தில் பூண்டு போட்டவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை இது: செடி நன்றாகத்தான் வந்தது, தோண்டிப் பார்த்தால் பல்லே பிரியவில்லை. அல்லது கோலிக்குண்டு அளவோடு நின்றுவிட்டது. சத்துக் குறைவு என்று நினைத்து அடுத்த முறை உரத்தைக் கூட்டுவார்கள், பலன் அதேதான். குற்றம் பெரும்பாலும் உரத்தில் இருப்பதில்லை, நட்ட நாளிலும் நட்ட பல்லிலும் இருக்கிறது.

பூண்டு பல் பிரிய வேண்டுமானால் அதன் மேல் குளிர் பட்டிருக்க வேண்டும். ஏறத்தாழ 0 முதல் 10 டிகிரி செல்சியஸ் குளிரில் 6 முதல் 8 வாரம் இருந்தால் போதும். குளிர் கழிந்து பகல் நீளத் தொடங்கியதும், செடி இலை விடுவதைக் குறைத்துக்கொண்டு மண்ணுக்குள் திரளத் தொடங்கும். இந்தத் திரளும் பருவம் பகலின் நீளத்தையும் வெப்பத்தையும் பார்த்து வருவது. நீங்கள் முன்னே நட்டாலும் பின்னே நட்டாலும் அது அதிகம் தள்ளிப்போகாது. ஆக, அந்த நாள் வருவதற்குள் செடி எத்தனை இலை விட்டிருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் பூண்டின் பருமன். இலையுதிர் காலத்தில் நட்ட பல், குளிருக்கு முன்பே வேரூன்றி, பனி விலகியதும் மற்ற செடிகளுக்கு முன்னால் எழுந்து இலை விடும். வசந்தத்தில் நட்ட பல் அப்போதுதான் வேர் தேடிக்கொண்டிருக்கும்.

எப்போது நடுவது

மண் உறையத் தொடங்குவதற்கு 4 முதல் 6 வாரம் முன்பு. வட அரைக்கோளத்தில் இது செப்டம்பர் பிற்பகுதி முதல் நவம்பர் வரை எங்காவது விழும். தென் அரைக்கோளத்தில் ஏப்ரலையும் மே மாதத்தையும் ஒட்டி வரும். நாட்காட்டியை விட மண்ணை நம்பலாம். 5 முதல் 8 செ.மீ. ஆழத்தில் வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். காலை நேரத்தில் 10 டிகிரிக்கு அருகில் வந்திருந்தால் நடலாம்.

அவசரப்பட்டு மண் சூடாக இருக்கும்போதே நட்டால் இரண்டு தொல்லை. பூசணம் பல்லை மண்ணுக்குள்ளேயே அழுக வைக்கும். தப்பித்த பல்லும் தாராளமாக இலை விட்டு, அந்த இலை உறைபனியில் கருகும். முளை 5 முதல் 8 செ.மீ. எட்டிப் பார்த்த நிலையில் குளிர் வந்தால் கவலை இல்லை, நுனி கருகினாலும் செடி மீண்டுவிடும். ஒரு சாண் வளர்ந்துவிட்டிருந்தால்தான் இழப்பு. தாமதமாக நட்டால் வேர் பிடிக்காது. மண் உறைந்தும் இளகியும் விரிந்து சுருங்கும்போது, வேர் பிடிக்காத பல்லை மண்ணே மேலே தள்ளிவிடும். ஆனாலும் தாமதமானதே என்று நடாமல் விடுவதை விட, மண் தோண்ட முடிகிற வரை நட்டுவிடுவது மேல். சற்றுச் சிறிதாக வரும், அவ்வளவுதான்.

குளிர்காலம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத இடங்களில், விதைப்பூண்டை முழுதாக, காற்றோட்டமுள்ள காகிதப் பையில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் 6 முதல் 8 வாரம் வைத்து, எடுத்த கையோடு பிரித்து நடலாம். எடுத்து மேசையில் இரண்டு வாரம் கிடத்திவிட்டு நட்டால் பட்ட குளிரின் பயன் கரையத் தொடங்கும். நல்ல குளிர் உள்ள இடத்தில் இருப்பவர்கள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். குளிர்பெட்டியில் இருந்து வந்த பல் முந்திக்கொண்டு திரண்டு, பக்க முளைகள் விட்டு, உருவம் கெட்டுப் போகும்.

எந்த ரகம்

பூண்டில் இரண்டு பெரும் பிரிவுகள். ஒன்று, நடுவே கெட்டியான பூந்தண்டு விடுகிறது. அதன் பல்கள் அந்தத் தண்டைச் சுற்றி ஒரே வட்டமாக, எண்ணிக்கையில் குறைவாக, அளவில் பெரிதாக அமைந்திருக்கும். ரொக்காம்போல், போர்சலைன், பர்ப்பிள் ஸ்ட்ரைப் எல்லாம் இந்த வகை. இதன் தாவரவியல் பெயரில் ஒட்டியிருக்கும் ‘ஓஃபியோஸ்கோரோடான்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பாம்புப் பூண்டு என்று பொருள். பூந்தண்டு பாம்பு போலச் சுருண்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. கடுங்குளிரைத் தாங்கும், உரிக்க எளிது, ஆனால் 4 முதல் 6 மாதத்துக்கு மேல் இருப்பு நிற்காது.

மற்றது, சாதாரணமாகப் பூந்தண்டு விடாத, கழுத்து மென்மையான வகை. சில்வர்ஸ்கின், ஆர்டிசோக் இதில் சேரும். பல்கள் அடுக்கடுக்காக, 10 முதல் 20 வரை கூட இருக்கும், உள்ளடுக்கில் உள்ளவை மெலிந்திருக்கும். மிதமான குளிருக்கு ஏற்றது. 6 முதல் 9 மாதம் வரை கெடாது, தாளோடு பின்னித் தொங்கவிடவும் வரும். உறைபனி கடுமையான இடம் என்றால் முதல் வகை, குளிர் லேசானது என்றால் இரண்டாவது. இடைப்பட்ட இடம் என்றால் இரண்டையும் பாதிப் பாதி நட்டு, முதல் வகையை முதலில் தீர்த்துவிடுவது வசதி.

யானைப் பூண்டு என்று விற்பது பூண்டே அல்ல, லீக் என்னும் தாள்வகையின் உறவு. காரம் குறைவு. அதை நடுவதானால் பல்லுக்குப் பல் 20 முதல் 25 செ.மீ. இடம் விடுங்கள்.

விதைப்பல்

சமையலுக்கு விற்கும் பூண்டை நட்டால் முளைக்கவே முளைக்காது என்பதில்லை. பல சமயம் முளைக்கும். சிக்கல் வேறு. எந்தத் தட்பவெப்பத்தில் விளைந்த ரகம் என்பது தெரியாது, சிலவற்றுக்கு முளை கட்டாமலிருக்க மருந்து கொடுத்திருப்பார்கள், எல்லாவற்றுக்கும் மேல் வெண்ணழுகலும் நூற்புழுவும் இப்படித்தான் தோட்டத்துக்குள் நுழைகின்றன. வெண்ணழுகல் ஒரு முறை வந்தால் அந்த மண்ணில் 20 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடிருக்கும். ஒரு கைப்பிடி மலிவான பூண்டுக்கு இது ரொம்ப அதிக விலை. விதைக்கென்று சோதித்து விற்கும் பூண்டை ஒரு முறை வாங்குங்கள். அடுத்த ஆண்டிலிருந்து உங்கள் அறுவடையே விதை.

முழுப் பூண்டை நடுகிற நாளில், அல்லது முந்தின நாளில் மட்டும் பிரியுங்கள். பிரித்து வாரக்கணக்கில் வைத்தால் அடித்தட்டு காய்ந்து, வேர் கிளம்பத் தாமதமாகும். பிரிக்கும்போது கத்தி வேண்டாம், கட்டைவிரலால் நெம்பினால் போதும். தோலை உரிக்கக் கூடாது. ஒவ்வொரு பல்லின் அடியிலும் தட்டையான, சற்றுக் கடினமான வட்டம் இருக்கும், வேர் அதிலிருந்துதான் புறப்படும். அது பிய்ந்துபோன பல்லைச் சமையலறைக்கு அனுப்பிவிடுங்கள். அமுக்கினால் மெத்தென்று இருப்பது, மஞ்சள் படிந்தது, பச்சையும் நீலமுமாகப் பூசணம் பூத்தது எதையும் நட வேண்டாம்.

மீதமானவற்றில் பெரியதை மட்டும் எடுங்கள். மனசு வராத இடம் இதுதான். பெரிய பல்லைத் தின்றுவிட்டுச் சிறியதை நடுகிற பழக்கம் பலரிடம் உண்டு, ஆண்டுக்கு ஆண்டு பூண்டு சிறுத்துக்கொண்டே போவதன் காரணமும் அதுவே. பல்லுக்குள் இருக்கும் இருப்பில்தான் முதல் சில வாரங்களுக்கு வேரும் இலையும் வளரும். 5 கிராமுக்குக் குறையாத பல்லாகப் பாருங்கள். சின்னப் பல்களை வீணாக்க வேண்டாம், ஒரு தொட்டியில் 3 செ.மீ. இடைவெளியில் நெருக்கி நட்டுத் தாளாக அறுத்துக்கொள்ளலாம்.

இரட்டைப் பல் ஒரே தோலுக்குள் ஒட்டியிருந்தால் பிரித்தே நடுங்கள். சேர்த்து நட்டால் இரண்டு செடி ஒன்றையொன்று நெருக்கி, இரண்டு அரைப் பூண்டுதான் கிடைக்கும். பல்லை உப்புத் தண்ணீரிலும் சோடா மாவிலும் ஊற வைக்கும் வழக்கம் பற்றி நிறையப் பேசப்படுகிறது. நல்ல விதை கையில் இருந்தால் அது அவசியமில்லை, கெட்ட விதையை அது நல்லதாக்குவதும் இல்லை.

பாத்தி

நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் வெயில் விழும் இடம் வேண்டும். கடந்த 3, 4 ஆண்டுகளில் வெங்காயம், பூண்டு, லீக் எதுவும் போடாத இடமாக இருக்கட்டும். மழை விட்டபின் தண்ணீர் தேங்கும் மூலையைத் தொடாதீர்கள். குளிர்காலத்தில் பூண்டைக் கொல்வது குளிரை விடத் தேங்கிய நீர்தான். களிமண் நிலமென்றால் 15 முதல் 20 செ.மீ. உயர மேட்டுப்பாத்தி கட்டாயம்.

ஒரு கணக்குக்காக 1 மீட்டர் அகலம், 3 மீட்டர் நீளமுள்ள பாத்தியை எடுத்துக்கொள்வோம். முதலில் களையை வேரோடு எடுங்கள், குறிப்பாக அறுகு மாதிரி ஓடிப் பரவும் புல்லை. பூண்டின் ஒல்லி இலைகள் மண்ணுக்கு நிழல் தராது, களையோடு போட்டி போட அதற்குத் தெரியாது. பிறகு நன்றாக மட்கிய உரத்தை 4 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். இந்தப் பாத்திக்கு அது 120 லிட்டர், அதாவது பெரிய வாளியில் 8 முதல் 10 வாளி. அதை மேல் 15 செ.மீ. மண்ணோடு கலந்து, கட்டிகளை உடைத்து, சமப்படுத்தி, முடிந்தால் ஒரு வாரம் படிய விடுங்கள். பச்சைச் சாணம் வேண்டாம். அது பல்லைச் சுற்றி அழுகலைக் கூட்டும். மண்ணின் கார அமில நிலை 6 முதல் 7 வரை இருப்பது நல்லது. 6-க்குக் கீழே என்று சோதனையில் தெரிந்தால் மட்டும் சுண்ணாம்பு சேர்க்கலாம், அதையும் நடவுக்குச் சில வாரம் முன்பே.

நடும் முறை

பாத்தியின் நீளவாக்கில் 20 செ.மீ. இடைவெளியில் 4 வரிசைகள் வரும், இரு ஓரத்திலும் 20 செ.மீ. மிச்சம். வரிசைக்குள் பல்லுக்குப் பல் 15 செ.மீ. ஆக வரிசைக்கு 20, மொத்தம் 80 பல். பெரிய பல் மட்டும் பொறுக்கினால் பூண்டுக்கு 6 அல்லது 7 தேறும் என்று வைத்துக்கொண்டு 12 அல்லது 13 முழுப் பூண்டு வாங்கினால் சரியாக இருக்கும்.

பல்லின் கூர்முனை மேலே, தட்டை அடி கீழே. தலைகீழாக வைத்தாலும் முளைத்துவிடும், ஆனால் முளை வளைந்து மேலே வருவதற்குள் பலத்தை இழந்து, கழுத்து கோணிய பூண்டாக வரும். கூர்முனைக்கு மேல் 5 செ.மீ. மண் இருக்க வேண்டும். கடுங்குளிர் உள்ள இடத்திலும் மணற்பாங்கான மண்ணிலும் 7 முதல் 8 செ.மீ. வரை போகலாம். விரலால் பல்லை மண்ணுக்குள் குத்தித் தள்ளக் கூடாது. இறுகிய மண்ணில் அடித்தட்டு நசுங்கும், வேர் கிளம்பும்போது பல் மேலே எழும்பியும் விடும். ஒரு குச்சியால் குழி போட்டு, அல்லது சால் இழுத்து, பல்லை வைத்து, மண்ணை மூடி உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். பின்பு ஒரு முறை நன்றாக நனையும்படி தண்ணீர். அதன்பின் மண் காய்ந்தால் மட்டும்.

முதல் இரண்டு வாரம் பறவைகள் தாளின் நுனியைப் பிடித்து இழுத்துப் பல்லையே வெளியே போடும். தின்பதற்காக அல்ல, புழு என்று நினைத்து. பல் கிடந்த இடத்திலேயே திரும்ப நட்டுவிடலாம். தொல்லை தொடர்ந்தால் வேர் பிடிக்கும் வரை வலை விரியுங்கள்.

மூடாக்கு விஷயத்தில் ஊருக்கு ஒரு முடிவு. மண் உறையும் இடங்களில் 10 செ.மீ. கனத்துக்கு வைக்கோல் அவசியம். மண் ஒரேயடியாக உறைந்தும் இளகியும் பல்லைத் தூக்கி எறியாமல் அது காக்கும். நட்ட சில வாரம் கழித்து, மண்ணின் மேல்பரப்பு குளிர்ந்ததும் பரப்புங்கள். குளிர் லேசாகவும் மழை மிகுதியாகவும் உள்ள இடத்தில் அதே 10 செ.மீ. மூடாக்கு நத்தைக்கு வீடாகும், ஈரத்தையும் அடைத்து வைக்கும். அங்கே 3 செ.மீ. போதும், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வைக்கோலுக்குப் பதில் காய்ந்த புல் போட்டால் அதிலுள்ள விதையெல்லாம் வசந்தத்தில் களையாக எழும்.

வசந்தம் வந்தபின்

குளிரில் செடி அசையாமல் நிற்பது போலத் தோன்றும். எதுவும் செய்ய வேண்டாம். பனி விலகி இலை 15 செ.மீ. எட்டியதும் தழைச்சத்துக்கான முதல் தவணை. யூரியா போடுபவர்கள் 1 சதுர மீட்டருக்கு 10 கிராம், நமது பாத்திக்கு 30 கிராம், வரிசைகளுக்கு நடுவே தூவிக் கிளறித் தண்ணீர் விட வேண்டும். இயற்கை வழியில் செய்பவர்கள் மண்புழு உரத்தை 2 செ.மீ. போர்த்தலாம், அல்லது கரைத்த மீன் அமிலம் போன்ற திரவ உரத்தை இரண்டு வாரத்துக்கொரு முறை ஊற்றலாம். 3, 4 வாரம் கழித்து இரண்டாவது தவணை. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தண்டின் அடி பருக்கத் தொடங்கிய பின் போடும் தழைச்சத்து இலைக்கே போகும். திரள்வது தள்ளிப்போகும், பல்லிலிருந்து பக்க முளை கிளம்பும், தோல் பிரிந்து சேமிப்பில் நிற்காது. அறுவடைக்கு முந்தைய 6 வாரத்தில் உர மூட்டையை எட்டாத இடத்தில் வைப்பது நல்லது.

தண்ணீர் வாரத்துக்கு 25 மி.மீ., மழையையும் சேர்த்து. 3 சதுர மீட்டர் பாத்திக்கு அது 75 லிட்டர். மணல் நிலத்தில் இரண்டு தவணையாகப் பிரித்துக் கொடுங்கள். இலை மேல் ஊற்றாமல் அடியில், காலையில். பூண்டு திரளும் அந்த 4, 5 வாரத்தில் ஒரு வாரம் காய விட்டாலும் அளவில் தெரியும். களை எடுக்கக் கொத்தைப் பயன்படுத்தினால் 2, 3 செ.மீ. ஆழத்துக்கு மேல் போக வேண்டாம், வேர்கள் மேலேயே படர்ந்திருக்கும்.

கெட்டித்தண்டு வகையில் கோடையின் தொடக்கத்தில் பூந்தண்டு எழும். நுனி ஒரு சுற்றுச் சுருண்டதும், மேல் இலைக்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள். விட்டுவைத்தால் பூண்டுக்குப் போக வேண்டிய சத்தில் ஒரு பகுதியை அது எடுத்துக்கொள்ளும். வெட்டிய தண்டு இளசாக இருக்கும்போது வதக்கித் தின்ன அருமையாக இருக்கும். இரண்டு செடிகளில் மட்டும் வெட்டாமல் விட்டால், நுனியில் நெல் அல்லது பட்டாணி அளவில் குட்டிக் குமிழ்கள் முதிரும். அவற்றை நட்டு முழுப் பூண்டாக்க 2, 3 ஆண்டு பிடிக்கும். ஆனால் அவை மண்ணைத் தொடாதவை என்பதால் மண்வழி நோய் ஒட்டாத விதை கிடைக்கும்.

இலை சொல்லும் செய்தி

வசந்தத் தொடக்கத்தில் நுனி மட்டும் மஞ்சளானால் அது குளிரின் வேலை. அடி இலைகள் வெளிறி, செடி முழுவதுமே சோகையாக நின்றால் தழைச்சத்துக் குறைவு. அறுவடை நெருங்கும்போது அடி இலை காய்வது இயல்பு. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: அங்கங்கே திட்டாக, அடியிலிருந்து மஞ்சளித்துச் சாயும் செடிகள். ஒன்றைப் பிடுங்குங்கள். அடியில் பஞ்சு போல வெள்ளைப் பூசணமும், அதில் கடுகை விடச் சிறிய கரும்புள்ளிகளும் இருந்தால் வெண்ணழுகல். செடியை அடிமண்ணோடு அள்ளிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். உரக்குழியில் போடக் கூடாது. அந்த இடத்தில் இனி வெங்காயக் குடும்பம் வேண்டாம், அங்கே புழங்கிய மண்வெட்டியையும் செருப்பையும் கழுவாமல் அடுத்த பாத்திக்குப் போகவும் வேண்டாம்.

அடி உப்பி, வெடித்து, வேர்த்தட்டு கையோடு கழன்று வந்தால் நூற்புழு. அது விதையோடு வருவது, ஆகவே அந்த விளைச்சலிலிருந்து ஒரு பல்லைக்கூட விதைக்கு எடுக்கக் கூடாது. இலையில் வெள்ளி நிறக் கீற்றுகள் இருந்தால் இலைப்பேன். இலை இடுக்கில் படும்படி தண்ணீரைப் பீய்ச்சியும், குறையாவிட்டால் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தும் அடக்கலாம். ஆரஞ்சுப் புள்ளிகள் துரு நோய். நெருக்கமும் ஈரமும் மிகுந்த தழைச்சத்தும் அதற்குப் பிடிக்கும். அறுவடைக்கு 2, 3 வாரம் இருக்கையில் வந்தால் விட்டுவிடலாம், பல்லின் சுவைக்கு ஒன்றும் ஆகாது.

அறுவடை

இலைக்கும் தோலுக்கும் நேரடிக் கணக்கு உண்டு. ஒவ்வோர் இலையின் அடியும்தான் பூண்டைச் சுற்றும் ஒரு தோல். இலை காயும்போது அதற்குரிய தோலும் மண்ணில் மட்கத் தொடங்கும். அதனால் எல்லா இலையும் காயட்டும் என்று காத்திருந்தால் தோலில்லாத, வெடித்துப் பிரிந்த பூண்டைத்தான் பொறுக்க வேண்டியிருக்கும். கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இலை காய்ந்து, மேலே 5 அல்லது 6 பச்சை இலை நிற்கும்போது பதம். நட்டதிலிருந்து 8, 9 மாதம் ஆகியிருக்கும். சந்தேகமிருந்தால் ஒன்றைத் தோண்டிக் குறுக்கே வெட்டுங்கள். பல்கள் தோலை நிறைத்து, இடையே பள்ளம் தெரிந்தால் சரி. வெங்காயம் போல வழுவழுப்பாக ஒன்றாய் இருந்தால் ஒரு வாரம் பொறுங்கள்.

அதற்கு 2 வாரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். தாளைப் பிடித்து இழுத்தால் கழுத்து அறுந்துவிடும். முட்கரண்டி மண்வாரியைச் செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஊன்றி, மண்ணை நெம்பித் தளர்த்திய பின் தூக்குங்கள். மண்ணை உதிர்க்கப் பூண்டையும் பூண்டையும் தட்டாதீர்கள். அப்போது முட்டையைப் போலத்தான் அதைக் கையாள வேண்டும், வெளியே தெரியாத கன்றல் பிறகு அழுகலாகும். கழுவவும் வேண்டாம். வெயிலில் போட்டால் பல் வெந்துபோகும், உடனே நிழலுக்கு மாற்றுங்கள்.

தாளோடும் வேரோடும் 10 செடிகளாகக் கட்டி, காற்றோட்டமுள்ள நிழலில் 2 முதல் 4 வாரம் தொங்கவிடுங்கள், அல்லது வலைத் தட்டில் ஓரடுக்காகப் பரப்புங்கள். காற்று அசையாத இடமென்றால் ஒரு மின்விசிறி வையுங்கள். வெளித்தோல் காகிதம் போலச் சரசரத்து, கழுத்தை வெட்டிப் பார்த்தால் உள்ளே ஈரம் தென்படாதபோது உலர்ந்தது என்று அர்த்தம். கழுத்தை 2, 3 செ.மீ. விட்டும் வேரை அரை செ.மீ. விட்டும் நறுக்குங்கள்.

வலைப்பையில், 15 முதல் 18 டிகிரி சூட்டில், உலர்ந்த இருட்டான இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியும் வேண்டாம், அந்த 4, 5 டிகிரி குளிர் பூண்டுக்கு முளைக்கச் சொல்லும் கட்டளை. நறுக்கும்போதே நல்ல 12, 13 பூண்டை அடுத்த நடவுக்கென்று தனியே கட்டித் தொங்கவிடுங்கள். பையில் சேர்ந்துவிட்டால் பெரியதுதான் முதலில் சமையலுக்குப் போகும்.